இடக்கைக்கு ஒரு நட்சத்திரம்

மார்ச் 3

‘இடக்கை’ எக்ஸ்டென்ஷனின் உருவாக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் உங்கள் எக்ஸ்டென்ஷனைப் பதினொரு வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நேற்றுக் காலை ஆபீசில் பிரவுசரைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டையில் ஓர் அறிவிப்பு வந்தது. ‘இடக்கை விரைவில் செயல்படாது. இது புதிய விதிமுறைகளுக்கு ஏற்றதாக இல்லை’ என்று இருந்தது. பக்கத்திலேயே ‘நீக்கு’ என்று ஒரு பொத்தான். உங்கள் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே நீங்கள் இரண்டே வரி போட்டிருக்கிறீர்கள். ‘இதற்கு மேல் தொடர இயலவில்லை. இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி.’

நான்காயிரத்துச் சொச்சம் பேர் அதைப் படித்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தியாக நானும் படித்தேன். கூடப் பிறந்தவளுக்கு ஒரு போன் செய்து சொல்லலாமே என்று கேட்க மாட்டேன். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இடத்துக்குப் போன் எப்படி வரும்? தங்கை எழுதினால் நீங்கள் பிரித்துப் பார்ப்பீர்களோ மாட்டீர்களோ. பக்கத்தின் அடியில் ‘உதவிக்கு எழுதுங்கள்’ என்று ஒரு முகவரி இருக்கிறது. அங்கே வருகிற கடிதங்களுக்குப் பதில் போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆகவே பயனராக எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் பயனர் முறைப்படி சொல்லிவிடுகிறேன். கூரியர் கம்பெனியில், முகவரி சரியில்லாமல் திரும்பி வந்த பார்சல்களின் பிரிவு. ஒவ்வொரு பார்சலுக்கும் மூன்று பக்கங்களைத் திறந்து, அனுப்பியவர் யார், வாங்க வேண்டியவர் எங்கே குடி போனார் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது. கழுத்து ஆபரேஷனோடு என் வலது கை போய்விட்டது. இடது கையில் மவுஸைப் பிடித்தால் தட்டச்சு செய்யக் கை இல்லை. இடக்கை இருந்தால் மவுஸ் வேண்டாம். ‘எஃப்’ எழுத்தைத் தட்டினால் பக்கத்திலுள்ள ஒவ்வொரு பொத்தான் மேலும் ஓர் எழுத்து முளைக்கும். அந்த எழுத்தைத் தட்டினால் பொத்தான் அழுந்தும். எல்லா எழுத்தும் விசைப்பலகையின் இடப்பக்கத்தில் இருப்பவை. என் கை அந்தப் பாதியை விட்டு நகர வேண்டியதே இல்லை.

எங்கள் ஆபீசின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரை மெஷின் சார் என்போம். மார்ச் 31க்குள் எல்லா மெஷினிலும் புதிய பிரவுசர் ஏறிவிடும் என்கிறார். அதன் பிறகு இடக்கை இருக்காது. நூற்றைம்பது எழுபதாகும். எழுபது செய்கிறவளுக்கு அந்த நாற்காலியில் வேலை இல்லை.

இன்னும் ஆறு மாதம் ஓடும்படி ஏதாவது செய்ய முடியுமா? வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
முதல் பயனர்


மார்ச் 6

முதல் பயனர் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்துக்கு நன்றி. இடக்கையின் மீது தாங்கள் வைத்துள்ள அன்புக்குத் தலைவணங்குகிறேன். பிரவுசர் நிறுவனம் தன் விதிமுறைகளை மாற்றியிருப்பதால் பழைய முறையில் எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் இனி இயங்கா. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்.

மேலே உள்ளது எல்லோருக்கும் அனுப்பும் பதில். எழுதியதல்ல, ஒட்டியது. இந்த ஒரு வாரத்தில் நூற்றுப் பதினேழு கடிதம் வந்திருக்கிறது. ஒருவர் குழந்தையை வலது தோளில் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறாராம். இன்னொருவருக்கு வலது மணிக்கட்டில் ஏதோ வலி. மற்றொருவர் வலது கையில் டீ கப்பை வைத்துக்கொண்டே வாழ்க்கையை ஓட்டிவிட்டதாகவும் இனி கப்பை எங்கே வைப்பது என்றும் கேட்கிறார். ஒருவர் என்னைத் துரோகி என்கிறார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

பகலில் நான் லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் உங்களுக்குத் தெரியும். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனவர்களோடு நாள் முழுக்கப் பேச்சு. ‘பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்காங்க’ என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் இந்தக் கடிதங்கள். இவர்களுக்கு அனுப்ப என்னிடம் ஆளும் இல்லை.

விஷயம் இதுதான். பிரவுசர் வாடகை வீடு. நாம் சுவரில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருந்தோம். இப்போது வீட்டுக்காரர் சுவரையே மாற்றிவிட்டு, இனி ஆணி அடிக்க அனுமதி கேள் என்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. யார் யாரோ எக்ஸ்டென்ஷன் என்ற பெயரில் ஜனங்களின் தகவல்களைத் திருடிவிட்டார்கள். அதற்காக எல்லோருக்கும் பூட்டு. இடக்கையை அடியிலிருந்து புதிதாக எழுத வேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கண்ணாடி இரண்டு முறை மாறிவிட்டது. முடியவில்லை.

இன்னொன்று. என் பக்கத்தில் விமர்சனங்களின் தலைமாட்டில் இரண்டு வருடமாக ஒன்று நிற்கிறது. ‘ஒரு நட்சத்திரம். இதை எழுதியவர் தன் தங்கையின் கையை விளம்பரப் பலகையாக மாட்டியிருக்கிறார். எக்ஸ்டென்ஷன் நன்றாக வேலை செய்கிறது. மனிதர்தான் சரியில்லை.’ அது பயனுள்ளதாக இருந்தது என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேர் குறித்திருக்கிறார்கள். புதிதாக வருகிற யாரும் முதலில் படிப்பது அதைத்தான். ஆறு மாதம் கேட்டு எழுதும் பயனர், வரும் வழியில் அதையும் படித்துவிட்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உருவாக்குநர்


மார்ச் 9

அண்ணா,

நீங்கள், தாங்கள் என்று எழுதி இடது கைக்கும் வலி வந்துவிட்டது. போதும்.

ஆமாம், நான்தான் எழுதினேன். மறைக்கவில்லையே. ஆனால் ஏன் எழுதினேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. அன்றைக்கே உன் பக்கத்தில் இருந்த வரியை அழித்துவிட்டுப் போனை எடுக்காமல் உட்கார்ந்துகொண்டாய். அண்ணியிடம் கேட்டால், ‘அவரு யார்கிட்டயும் பேசற நிலைமையில இல்லம்மா’ என்றார்கள். பிறகு எனக்கும் வீம்பு. அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இப்போது சொல்கிறேன், கேள். மெஷின் சார் எல்லோர் கம்ப்யூட்டரிலும் என்னென்ன எக்ஸ்டென்ஷன் இருக்கிறது என்று பட்டியல் எடுத்தார். என் மெஷினில் இடக்கை. அது என்னவென்று உன் பக்கத்தைத் திறந்தார். எங்கள் மேற்பார்வையாளர், ஸ்டாப்வாட்ச் என்று நாங்கள் கூப்பிடுகிறவர், அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நீ அங்கே எழுதி வைத்திருந்தது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மனப்பாடம். ‘என் தங்கைக்கு வலது கை செயல்படாது. பாவம், அவள் மவுஸோடு மல்லாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் இதை எழுதினேன்.’

திங்கட்கிழமைக் கூட்டத்தில், பார்சல் பிரிக்கும் ஹாலில், அறுபது பேர் முன்னால் ஸ்டாப்வாட்ச் அதைப் போனிலிருந்து சத்தமாக வாசித்தார். ‘பாருங்க, இவங்க ஒத்தக் கையோட நூத்தம்பது பண்றாங்க. ரெண்டு கையும் நல்லா இருக்கிற உங்களுக்கு என்ன வந்துச்சு? எல்லாரும் ஒரு தடவ கைதட்டுங்க.’ தட்டினார்கள். பதிலுக்குக் கைதட்டக்கூட எனக்கு வழியில்லை. தலையை ஆட்டிவிட்டு நின்றேன்.

அடுத்த வாரம் எல்லோருக்கும் இலக்கு நூற்றிருபதிலிருந்து நூற்றைம்பது ஆனது. என்னைக் காட்டித்தான் ஆனது. பக்கத்து சீட்டுக்காரி என்னிடம் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், அந்த முப்பது பார்சலுக்காகத் தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தாள்.

என் கை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் அந்த ‘பாவம்’ எங்கிருந்து வந்தது? நீ என் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, நான் எப்படி வேலை செய்கிறேன் என்று பார்த்துப் பார்த்து எழுதினாயே, அப்போது என்னைப் பாவம் என்றா நினைத்துக்கொண்டிருந்தாய்?

கோபத்தில் கை போன போக்கில் எழுதினேன். ஒரு கைதான், அதுவும் தப்பாகப் போனது. அவ்வளவுதான் என் விளக்கம்.

தங்கை


மார்ச் 11

வாலு,

எனக்குத் தெரியாது. கைதட்டல் விஷயம் சத்தியமாக எனக்குத் தெரியாது. உன் கடிதத்தை லிஃப்ட் ஆபீசில் மத்தியானம் படித்தேன். அதற்குப் பிறகு போன் செய்த அம்மாள், ‘என்னங்க, லைன்ல இருக்கீங்களா, நான் இங்க மாட்டிக்கிட்டு நிக்கறேன்’ என்று கத்தும்வரை எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வரி எப்படி வந்தது என்று நான் சொன்னால் சாக்குப்போக்கு என்பாய். சொல்லிவிடுகிறேன். ஒரு பயனர், எழுத்தெல்லாம் இடப்பக்கத்திலேயே ஏன் இருக்கிறது, பாதி விசைப்பலகையைச் சும்மா விட்டது என்ன முட்டாள்தனம் என்று வாரம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம் நான் யாருக்கும் காரணம் சொன்னதில்லை. அன்றைக்கு என்னவோ பொறுக்கவில்லை. அவர் வாயை அடைக்க வேண்டும் என்று உன் கையை எடுத்து வைத்தேன். ‘பாவம்’ என்ற வார்த்தை அவருக்காகப் போட்டது. பாவம் என்று சொன்னால் ஜனங்கள் சண்டை போடுவதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டார்தான்.

உன் பக்கத்தில் அந்த மூன்று நாள் உட்கார்ந்திருந்தபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. இவள் என்னைவிட வேகமாகப் படிக்கிறாளே, கையை அதற்கு ஈடாக ஓட வைக்க வேண்டுமே என்றுதான். இதை அங்கே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். பிரவுசர் நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷன் கடையில் வைத்து எல்லோருக்கும் கொடுப்பது இனி முடியாது. உனக்கு மட்டும் தனியாக ஒன்று செய்து அனுப்பினால், தினமும் காலையில் நீயே ஒரு முறை ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பரவாயில்லையா? அதற்கு நீ வேலை செய்கிற விதம் எனக்கு மறுபடி தெரிய வேண்டும். காலையில் உட்கார்ந்ததிலிருந்து என்னென்ன தட்டுகிறாய், வரிசையாக எழுது. யோசிக்காமல் எழுது.

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

யோசிக்காமல்தான் வேலையே செய்கிறேன். அதை எழுத உட்கார்ந்தால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே நுழைய எஃப், ஏ. பார்சல் எண்ணை ஸ்கேனர் வாங்கிக்கொள்ளும். எஃப், எஸ் தட்டினால் அனுப்பியவர் பக்கம். எஃப், டபிள்யூ தட்டினால் பழைய முகவரிகள். பெயர் பொருந்தினால் எஃப், ஜி. பொருந்தாவிட்டால் எஃப், எக்ஸ். இதெல்லாம் எனக்கு எழுத்தாகத் தெரிவதில்லை. விரல் தானாகப் போகிறது. பக்கத்து சீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே நாற்பது முடிப்பேன். அவள் இப்போது பேசுகிறாள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். மூன்று மாதமாகக் காலையில் முதல் வேலையாக ஒரு பெட்டி குதிக்கிறது. ‘உங்கள் மெஷினில் புதிய பிரவுசரை ஏற்ற வேண்டும். இப்போதே, பிறகு’ என்று கேட்கும். நான் எஃப், டி தட்டுவேன். டி என்றால் ‘பிறகு’. பெட்டியின் முகத்தைக்கூட இப்போது பார்ப்பதில்லை. கதவைத் தட்டும் விற்பனைக்காரரை உள்ளிருந்தே அனுப்பிவிடுவது மாதிரி அனுப்பிவிடுகிறேன். மெஷின் சார், ‘நீங்க மட்டும்தாம்மா பாக்கி’ என்று சிரிக்கிறார். மார்ச் 31 வரை என் உரிமை சார் என்று சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடி இரண்டு முறை மாறியதா? நீ எனக்குச் சொல்லவேயில்லை. எப்படிச் சொல்வாய்.

தனியாகச் செய்து அனுப்பு. தினமும் காலையில் ஏற்றிக்கொள்கிறேன்.

வாலு


மார்ச் 20

அண்ணா,

போய்விட்டது.

அந்தப் பெட்டியில் யாரோ புதிதாக மூன்றாவது பொத்தான் சேர்த்திருக்கிறார்கள். ‘மேலும் அறிய’ என்று. அது எல்லாவற்றுக்கும் முன்னால் வந்ததால் எழுத்துகள் ஓரிடம் தள்ளிப்போயின. இன்று காலை டி எழுத்து ‘இப்போதே’ மேல் உட்கார்ந்திருந்தது. நான் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரி தன் மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எஃப், டி. திரை கறுத்துப்போனது. பத்து நிமிடத்தில் புதிய பிரவுசர் வந்தது. இடக்கை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

மெஷின் சாரிடம் ஓடினேன். ‘ஏறினா ஏறினதுதாம்மா, திருப்பி எறக்க எனக்கு அனுமதி இல்ல’ என்கிறார். பதினொரு நாள் மிச்சம் இருந்தது. நானே, உன் எழுத்தாலேயே, அதை அனுப்பிவிட்டேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கை கழுவுமிடத்தில் நின்று அழுதேன்.

இன்று அறுபத்தொன்று. ஸ்டாப்வாட்ச் வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனார். தனியாகச் செய்ததை உடனே அனுப்பு.

வாலு


மார்ச் 25

வாலு,

நீ அனுப்பச் சொன்ன அன்றே அனுப்பினேன். ஏறவில்லை என்று நீ போட்ட ஒரு வரி குறிப்பைப் பார்த்தேன். உங்கள் ஆபீசின் மெஷின்கள் பூட்டியவை. கடையில் அனுமதி பெற்று வைக்கப்பட்ட எக்ஸ்டென்ஷன் மட்டுமே அதில் ஏறும். மெஷின் சாரிடம் போனில் பேசினேன். நல்ல மனிதர், ‘கடையில வந்தா அஞ்சே நிமிஷம் சார், நானே ஏத்திக் குடுக்கறேன்’ என்கிறார். அவர் கையிலும் ஒன்றுமில்லை.

இனி உன்னிடம் மறைத்துப் பிரயோஜனம் இல்லை. முடியவில்லை என்று நான் சொன்னது பொய். புதிதாக எழுதிவிட்டேன். போன செப்டம்பரிலேயே உட்கார்ந்தேன். ஐந்து மாதம். உன் அண்ணி, ‘அந்தப் பொட்டிய ஒரு நாள் ஜன்னல் வழியா எறியப் போறேன்’ என்று சொல்லாத நாள் இல்லை. வேலை நன்றாகவே செய்கிறது. மூன்று முறை கடைக்கு அனுப்பினேன். மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே பதில். ‘இந்த எக்ஸ்டென்ஷன் பயனர் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. இதன் நோக்கம் என்ன, அதற்கு இந்த அனுமதி ஏன் வேண்டும் என்பது தெளிவாக இல்லை.’ நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் முதல் முறை ‘விசைப்பலகை வழியாக எளிதாக உலாவ’ என்று போட்டேன். இரண்டாம் முறை ‘வேகமாக வேலை செய்ய’. மூன்றாம் முறை ‘பயனர்களின் வசதிக்காக’. வசதி என்று எழுதும்போதே எனக்கே கூசியது. வசதிக்காக என்றால் எல்லாப் பக்கத்தையும் எதற்குப் பார்க்க வேண்டும், பாதி விசைப்பலகையை ஏன் விட வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயம்தானே.

உண்மையான நோக்கம் ஒன்றுதான் இருக்கிறது. அதை நான் ஒரு முறை எழுதி, பட்ட பாடு போதும். இனி உன் கையைப் பற்றி ஒரு வரிகூட எங்கேயும் எழுதுவதில்லை என்று உன் அண்ணியிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அந்தச் சத்தியத்தோடு அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இரண்டு வரி போட்டு முடித்தேன்.

நீ எதையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. நான் உன்னைக் கைவிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்று தெரிந்தால் போதும்.

அண்ணன்


மார்ச் 29

அண்ணா,

என்னை லேபிள் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். லேபிள் மேஜையில் என்ன வேலை தெரியுமா? தாளிலிருந்து ஸ்டிக்கரை உரித்துப் பெட்டியில் ஒட்டுவது. ஒற்றைக் கையால் ஸ்டிக்கர் உரித்துப் பார். தாளை முழங்கையால் அமுக்கிக்கொண்டு உரிக்கிறேன். ஸ்டாப்வாட்ச், ‘இது உங்களுக்கு ரெஸ்ட்டா இருக்கும்னுதான்மா’ என்றார். கெட்டவர் இல்லை அவர். அதுதான் கஷ்டம். அடுத்த மாத மத்தியில் யார் யாருக்கு எங்கே இடம் என்று மறுபடி பட்டியல் போடுவார்களாம். இங்கே நான் ஒட்டுகிற வேகத்தைப் பார்த்தால் அதில் என் பெயர் எங்கேயும் வராது.

உன் கடிதத்தை நான்கு நாளாக வைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் உன் மேல் கோபம் வந்தது. ஐந்து மாதம் எழுதியதை ஒரு கட்டத்துக்காகப் பூட்டி வைத்தவனை என்ன சொல்வது? மூன்றாம் நாள், அந்தக் கட்டத்தைப் பூட்டியவள் நான்தானே என்று தோன்றியது. இன்று உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒரு மணி நேரம் ஆனது.

என் கையைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. நீ சொன்னதுதான் தப்பு. கை என்னுடையது. இதை அப்படியே கட்டத்தில் போடு. ஓர் எழுத்தை மாற்றாதே, முக்கியமாக எதையும் சேர்க்காதே.

‘எனக்கு வலது கை வேலை செய்யாது. இடது கையால் வேலை செய்கிறேன். விசைப்பலகையில் என் கை எட்டும் பாதியில்தான் எழுத்துகள் இருக்க வேண்டும், அதற்காகவே இது எழுதப்பட்டது. ஒரு நாளில் எந்தெந்தப் பக்கத்தைத் திறப்பேன் என்று காலையில் எனக்கே தெரியாது. அதனால் இது எல்லாப் பக்கத்திலும் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாக வேண்டும். பார்த்து எழுத்து வைக்கிறது. வேறு எதையும் எடுத்துக்கொள்வதில்லை, பதினொரு வருடமாக எடுத்துக்கொண்டதில்லை. இதை எழுதியவர் என் அண்ணன். இதைச் சொல்ல வேண்டியவள் நான், நானே சொல்கிறேன்.’

அண்ணியிடம் சொல், சத்தியம் உடையவில்லை. எழுதியது நீ இல்லை.

வாலு


ஏப்ரல் 8

வாலு,

இன்று காலை வந்தது. ‘நோக்கம் தெளிவாக உள்ளது. அனுமதிக்கப்படுகிறது.’ அவ்வளவுதான் அவர்கள் எழுதியது. உன் அண்ணி அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள், மேலே வேறு ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை.

மெஷின் சாருக்குச் சொல்லிவிட்டேன். நாளை ஏற்றிக் கொடுப்பார். துரோகி என்று எழுதியவருக்கும் ஒரு வரி போட்டேன். பதிலுக்கு, இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்டிருக்கிறார்.

ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். ‘இப்போதே’, ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘நீக்கு’ இவற்றின் மேல் இனி ஒற்றை எழுத்து உட்காராது. மூன்று எழுத்து சேர்த்துத் தட்டினால்தான் அழுந்தும். நீ பல் விழுந்த கதை கேட்டுக்கொண்டே தட்டினாலும் ஒன்றும் ஆகாது.

எழுத்துகளின் வரிசை பழையபடி வராது. புதிய விதியில் அது முடியவில்லை. கொஞ்ச நாள் கை தடுமாறும். அதற்கு என்னைத் திட்டு.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

தடுமாறியது. ஒன்பதாம் தேதி சும்மா கிடந்த ஒரு மெஷினில் மெஷின் சார் ஏற்றிக் கொடுத்தார். முதல் நாள் எண்பத்தெட்டு. எஸ் இருந்த இடத்தில் ஆர் இருக்கிறது, டபிள்யூ எங்கேயோ போய்விட்டது. விரல் பழைய வீட்டுக்கே போய்ப் போய்த் திரும்புகிறது. நேற்று நூற்று நாற்பத்தொன்று. களைப்பாக இருக்கிறது, சொல்லக்கூடாது, ஆனால் இருக்கிறது. பதினொரு வருடமாகக் கற்றதை நாற்பத்தாறு வயதில் மறந்துவிட்டு மறுபடி கற்பதென்றால் சும்மாவா? பிரவுசர் கம்பெனிக்காரர்கள் இந்தக் கணக்கையெல்லாம் எங்கே பார்க்கப் போகிறார்கள்.

பட்டியல் வந்தது. என் பெயர் பழைய நாற்காலியில் இருக்கிறது. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் ஸ்டாப்வாட்ச் என்னிடம் வந்து, ‘உங்களப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லலாமாம்மா?’ என்று கேட்டார். இந்த முறை கேட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘வேண்டாம் சார், எல்லாருக்கும் நூத்திருவதுன்னு பழையபடி ஆக்கிடுங்க, அது போதும்’ என்றேன். பார்க்கலாம் என்று போனார். பக்கத்து சீட்டுக்காரி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள், சந்தோஷத்தில்.

கடையில் உன் பக்கத்தைப் பார்த்தேன். என் வரிகள் அப்படியே இருக்கின்றன. அதற்குக் கீழே என் பழைய ஒற்றை நட்சத்திரமும் இருந்தது. அழித்துவிட்டேன். பயனுள்ளதென்று குறித்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அதோடு போனார்கள், அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வழி தெரியவில்லை. புதிதாக ஒன்று போட்டிருக்கிறேன். நீ பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

‘மூன்று நட்சத்திரம். நன்றாக வேலை செய்கிறது. இருபது நாள் தவிக்கவிட்டார்கள்.’

மூன்றுதானா என்று கேட்காதே. மற்ற இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. இரண்டு வருடமாக இந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவனுக்கு அதைக் கம்ப்யூட்டரில் எல்லாம் கொடுக்க முடியாது. அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போ.

வாலு